சாட்சிகளை எடைபோட்ட ஆளுநர்: அர்ரியன் வாழ்வும் எழுத்தும்



அலெக்சாண்டரைப் பற்றி அவனோடு வாழ்ந்தவர்களே பலர் எழுதினார்கள். கூடவே போரிட்ட தளபதி தாலமி எழுதினார். சைரஸ் மன்னனின் கல்லறையைச் செப்பனிடும் பொறுப்பை அவனிடமிருந்து பெற்ற அரிஸ்டோபுலஸ் எழுதினார். கடற்படைத் தலைவர் நியார்க்கஸ் எழுதினார். அரசவை வரலாற்றாசிரியர் கலிஸ்தனிஸ் எழுதினார். அந்த நூல்களில் ஒன்றுகூட முழுதாக நம் கைக்கு வந்து சேரவில்லை. இன்று ஆய்வாளர்கள் முதலில் கையிலெடுக்கும் அலெக்சாண்டர் வரலாறு, அவன் கி.மு. 323இல் பாபிலோனில் இறந்து ஏறத்தாழ 450 ஆண்டுகள் கழித்து எழுதப்பட்டது. எழுதியவர் கிரேக்க மொழியில் வளர்ந்தவர், ரோமக் குடிமகன், ரோமப் பேரரசின் எல்லை மாகாணம் ஒன்றை ஆண்டவர். லூசியஸ் ஃபிளேவியஸ் அர்ரியானஸ் என்பது அவர் பெயர். அர்ரியன் என்று சுருக்கி அழைப்பது வழக்கம்.

தூசிடிடிஸின் ஆழமோ ஹெரோடோட்டஸின் விரிவோ அர்ரியனிடம் இருப்பதாக நான் வாதாடப் போவதில்லை. ஆனால் ஒரு செய்தி தமக்கு எப்படித் தெரிந்தது, யார் சொல்லித் தெரிந்தது, அதை எவ்வளவு நம்பலாம் என்பதை வாசகரிடம் சொல்லிவிட்டு எழுதும் நேர்மை பழங்கால வரலாற்றாசிரியர்களில் மிகச் சிலருக்கே வாய்த்தது. அந்தச் சிலரில் இவரை முன்வரிசையில் வைக்க வேண்டும். அந்த நேர்மை அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதை அவர் வாழ்க்கையை வைத்துக் காட்ட முயல்கிறேன். தமிழக வரலாறு படிப்பவர்களுக்கு அர்ரியனிடம் தனியாக ஒரு வேலையும் இருக்கிறது. அதற்கு முடிவில் வருகிறேன்.

இன்றைய துருக்கியில் இஸ்மித் என்று ஒரு தொழில்நகரம் இருக்கிறது. அன்று அதன் பெயர் நிக்கோமீடியா, பித்தினியா மாகாணத்தின் தலைநகர். அங்கே கி.பி. 85க்கும் 90க்கும் இடைப்பட்ட காலத்தில் ஒரு செல்வக் குடும்பத்தில் அர்ரியன் பிறந்தார். பேச்சும் படிப்பும் கிரேக்கம், குடியுரிமை ரோமம். ஊரில் டிமீட்டர் தேவிக்கும் அவள் மகளுக்கும் பூசாரிப் பொறுப்பும் வகித்தார்.

அந்த ஊரில் ரோம ஆட்சி எப்படி இருந்தது என்பதற்கு ஒரு சான்று தப்பியிருக்கிறது. அர்ரியன் இருபதுகளில் இருந்தபோது பித்தினியாவுக்கு ஆளுநராக வந்தவர் இளைய பிளினி. நிக்கோமீடியாவில் பெரிய தீ பிடித்து வீடுகளும் பொதுக் கட்டடங்களும் எரிந்தன. ஊரில் தண்ணீர் இறைக்கும் கருவியோ ஒரு வாளியோகூட இல்லை, மக்கள் கைகட்டி நின்றார்கள் என்று பிளினி பேரரசர் டிராஜனுக்கு எழுதினார். 150 பேர் கொண்ட தீயணைப்புக் குழு ஒன்றை அமைத்துக்கொள்ள அனுமதியும் கேட்டார். டிராஜன் மறுத்துவிட்டார். எந்தப் பெயரில் கூடினாலும் ஆட்கள் கூடினால் அது விரைவில் அரசியல் சங்கமாகிவிடும் என்பது அவர் அச்சம். 150 பேர் வாளியோடு ஒன்றுசேர்வதற்குக்கூடப் பேரரசின் ஒப்புதல் வேண்டியிருந்த ஊரில் பிறந்த ஒருவர், பின்னாளில் அதே பேரரசின் படைகளுக்குத் தலைமை ஏற்றார். அதிகாரத்துக்குக் கீழே இருப்பதும் அதிகாரத்தில் இருப்பதும் எப்படி என்று இரண்டையும் அறிந்தவர் அவர்.

அதிகாரத்துக்கு வருமுன் அவர் ஓர் ஆசிரியரைத் தேடிப் போனார். கிரேக்க நாட்டின் மேற்குக் கரையில், ஆக்டியம் போரில் வென்றதன் நினைவாக அகஸ்டஸ் அமைத்த நிக்கோபோலிஸ் நகரில், எபிக்டெட்டஸ் பள்ளி நடத்திக்கொண்டிருந்தார். ஃபிரிஜியா நாட்டு ஹியராபோலிஸில் பிறந்தவர், அடிமையாக வாழ்ந்து விடுதலை பெற்றவர், கால் ஊனமுற்றவர். டொமிஷியன் பேரரசர் மெய்யியலாளர்களை வெளியேற்றியபோது ரோமை விட்டு வந்தவர். அவர் ஒரு வரிகூட எழுதவில்லை. அவர் பேசியதை அமர்ந்து எழுதிக்கொண்டவர் அர்ரியன். உரைகள் எட்டுத் தொகுதிகளாக இருந்தன, நான்கு எஞ்சியிருக்கின்றன. அவற்றின் சாரத்தைப் பிழிந்து கையடக்கமாக ஒரு சிறுநூலும் தொகுத்தார். பின்னாளில் மார்க்கஸ் அவுரேலியஸ் பேரரசர், எபிக்டெட்டஸின் உரைக்குறிப்புகளைத் தமக்கு இரவல் தந்த ஆசானுக்கு நன்றி சொல்லித் தம் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். அடிமையாக இருந்தவரின் குரல் ஒரு மாணவரின் எழுத்தின் வழியாகச் சக்கரவர்த்தியின் கைக்குப் போனது.

அந்த உரைகளுக்கு அர்ரியன் எழுதிய முன்னுரைக் கடிதத்தை ஆய்வு மாணவர்கள் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். லூசியஸ் ஜெல்லியஸ் என்ற நண்பருக்கு எழுதியது, ஒரு பக்கம்கூட வராது. இதை நான் இயற்றவில்லை, வெளியிடவும் இல்லை, அவர் பேசக் கேட்டதை முடிந்தவரை அவர் சொற்களிலேயே எனக்காக எழுதி வைத்தேன், எனக்குத் தெரியாமலேயே அது ஊருக்குள் பரவிவிட்டது என்கிறார். எழுத்தில் இவை படிப்பவரை அசைக்காவிட்டால் குற்றம் என்னுடையதாக இருக்கலாம், ஆனால் அவர் பேசியபோது கேட்டவர்கள் அவர் எதை உணர வேண்டுமென்று நினைத்தாரோ அதைத்தான் உணர்ந்தார்கள் என்றும் சொல்கிறார். மாணவராக இருந்த ஒருவர், சொன்னவருக்கும் எழுதியவருக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது என்பதை இத்தனை தெளிவாக உணர்ந்திருக்கிறார். பிற்காலத்து வரலாற்றாசிரியர் இந்தக் கடிதத்திலேயே பிறந்துவிட்டார் என்று நான் கருதுகிறேன்.

பதவிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 130ஐ ஒட்டி, ரோமின் உயர்பதவியான கான்சல் பதவிக்கு வந்தார். 131 முதல் 137 வரை கப்படோசியாவின் ஆளுநர். ஆர்மீனியாவையும் பார்த்தியாவையும் எதிர்நோக்கி நின்ற எல்லை அது. சடாலாவிலும் மெலிட்டினிலும் இரண்டு லெஜியன் படைகள் அவர் கட்டளையின் கீழ் இருந்தன. கிரேக்க மொழிப் பின்னணி கொண்ட ஒருவரிடம் அத்தனை பெரிய படை ஒப்படைக்கப்படுவது அன்று அரிது. கிரேக்கத்தின்மேல் பற்றுக்கொண்ட ஹேட்ரியன் பேரரசராக இருந்த காலம் அது.

பதவியேற்ற புதிதில் அர்ரியன் கருங்கடலின் தென்கிழக்குக் கரையை மரக்கலத்தில் சுற்றிப் பார்த்தார். படைமுகாம்களை ஆய்வு செய்யும் பயணம் அது. அதைப் பேரரசருக்குக் கிரேக்க மொழியில் கடிதமாக எழுதினார். அலுவல் விவரங்களுக்கு லத்தீனில் தனி அறிக்கை போயிற்று. கிரேக்கக் கடிதம் ஒரு வாசகர் இன்னொரு வாசகருக்கு எழுதுவதைப் போல இருக்கிறது. அவர் எழுத்துகளில் எனக்கு மிகவும் நெருக்கமானது இதுதான். ஆகவே சற்று நேரம் இதில் தங்க அனுமதியுங்கள்.

இன்றைய டிராப்சான் ஆகிய டிராபிசஸ் துறைமுகத்திலிருந்து கடிதம் தொடங்குகிறது. அங்கே இருந்த பலிபீடங்கள் சொரசொரப்பான கல்லில் ஆனவை. அதனால் எழுத்துகள் தெளிவாகத் தெரியவில்லை. கிரேக்கக் கல்வெட்டிலும் பிழைகள், கிரேக்கம் அறியாதவர் வெட்டியது. வெள்ளைக் கல்லில் பீடங்களை மாற்றி, எழுத்தைத் தெளிவாக வெட்டச் சொல்லிவிட்டேன் என்கிறார். பக்கத்தில் ஹேட்ரியனுக்கு ஒரு சிலை. கடலைச் சுட்டி நிற்கும் நிலை நன்றாக இருக்கிறது, ஆனால் சாயல் உங்களைப் போல இல்லை, வேலைப்பாடும் சுமார்தான், வேறொன்று செய்து அனுப்புங்கள் என்று பேரரசருக்கே எழுதுகிறார். அந்த இடம் உங்கள் நினைவு நிலைப்பதற்கு மிகவும் பொருத்தமானது என்று ஒரு மரியாதையும் கூடவே வருகிறது.

வழியில் புயல். ஒரு கப்பல் கரையில் மோதி உடைந்தது. பாய்களையும் கருவிகளையும் ஆட்களையும் மீட்டதோடு, கப்பலின் உடலில் பூசியிருந்த மெழுகையும் சுரண்டி எடுத்துவிட்டோம் என்று எழுதுகிறார். அடுத்து இன்றைய ஜார்ஜியாவில் உள்ள அப்சரோஸ் கோட்டை. படைவீரருக்குச் சம்பளம் கொடுத்தார். ஆயுதங்களையும் மதிலையும் அகழியையும் நோயாளிகளையும் தானிய இருப்பையும் பார்த்தார்.

பிறகு ஃபாசிஸ் ஆற்று முகம். ஜேசனும் அவன் தோழர்களும் பொன் ஆட்டுத்தோலைத் தேடி ஆர்கோ கப்பலில் வந்து சேர்ந்ததாகக் கிரேக்கர் கதை சொல்லும் இடம். அவ்வூரார் ஆளுநருக்கு ஆர்கோவின் நங்கூரத்தைக் காட்டினார்கள், இரும்பு நங்கூரம். அர்ரியன் அதைச் சுற்றிப் பார்க்கிறார். அளவில் இக்காலத்து நங்கூரம் போல இல்லை, வடிவமும் சற்று வேறுதான், ஆனாலும் அவ்வளவு பழையதாக எனக்குப் படவில்லை என்கிறார். அருகில் ஒரு கல் நங்கூரத்தின் உடைந்த துண்டுகளும் இருந்தன. ஆர்கோவின் நங்கூரம் எஞ்சியிருக்கிறது என்றால் அது இந்தத் துண்டுகளாகத்தான் இருக்கும் என்று முடிக்கிறார். நங்கூரத்துக்கு இரும்பு வருமுன் கல்லைப் பயன்படுத்தினார்கள் என்ற அறிவு அந்த முடிவுக்குள் இருக்கிறது. ஊர்ப் பெருமையைப் புண்படுத்தாமல் பொருளைப் பார்த்து முடிவுக்கு வருகிறார். கதையை ஏளனம் செய்யவில்லை, அப்படியே விழுங்கவும் இல்லை. காட்டிய பொருளின் வயதை மட்டும் கேட்கிறார்.

135ஐ ஒட்டி அலானியர் என்ற குதிரைவீரர் கூட்டம் காக்கசஸைத் தாண்டி வந்து எல்லையை அச்சுறுத்தியது. அர்ரியன் படையை அணிவகுத்து நின்றார், அவர்கள் பின்வாங்கினார்கள். பார்த்திய மன்னன் கொடுத்த பரிசுகளும் அர்ரியன்மேல் இருந்த அச்சமும் காரணம் என்று பின்னாளைய வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ குறிக்கிறார். அந்த அணிவகுப்புக்கான கட்டளையை அர்ரியனே எழுதிவைத்ததில் ஒரு பகுதி கிடைத்திருக்கிறது. எதிரி எறியும் தொலைவுக்குள் வரும்வரை முழு அமைதி, வந்ததும் ஒரே முழக்கம் என்பது அதில் உள்ள உத்தரவு. படைத்தலைவர் பெயராக அவர் அதில் ஜெனபன் என்று எழுதியிருக்கிறார். சாக்ரட்டீசின் மாணவரும் படைத்தலைவரும் எழுத்தாளருமான பழைய ஜெனபனைத் தம் முன்னோடியாக வைத்து வாழ்ந்தவர் அவர். அதனாலேயே தம் பெரிய நூலுக்கும் ஜெனபன் நூலின் பெயரையே இட்டார்: அனபாசிஸ். அலெக்சாண்டரின் படையெடுப்பைச் சொல்லும் ஏழு தொகுதிகள்.

அந்த நூலின் முதல் வரிகளிலேயே அவர் தம் விதியைச் சொல்லிவிடுகிறார். தாலமியும் அரிஸ்டோபுலஸும் ஒத்துச் சொல்வதை உண்மை என்று ஏற்றுக்கொள்வேன். வேறுபடும் இடத்தில் எது நம்பத்தக்கதோ, எது சொல்லத்தக்கதோ அதைத் தேர்வேன். மற்றவர்கள் சொல்வதில் குறிப்பிடத்தக்கவற்றை, இப்படிச் சொல்லப்படுகிறது என்று மட்டும் குறிப்பேன். ஏன் இந்த இருவர்? இருவரும் கூடவே போனவர்கள். அலெக்சாண்டர் இறந்தபின் எழுதினார்கள், அஞ்சவும் வேண்டாம், பரிசு எதிர்பார்க்கவும் வேண்டாம். தாலமி பின்னாளில் எகிப்தின் மன்னரானவர், பொய் சொன்னால் மற்றவரைவிட அவருக்கு அது பெரிய இழுக்கு.

கடைசிக் காரணத்தை நான் ஏற்கவில்லை. ஆட்சியில் அமர்ந்தவருக்குத் தம் பழைய நாட்களைத் தமக்கு ஏற்ற வகையில் சொல்லிக்கொள்ளும் தேவை மற்ற எவரையும்விட அதிகம். அலெக்சாண்டரின் உடலையே எகிப்துக்குக் கொண்டுபோய் வைத்துக்கொண்டவர் தாலமி. இதை உணராமல் போனது அர்ரியனின் குறை. ஆனால் காரணத்தை அவர் வெளிப்படையாக எழுதிவைத்ததால்தான் இன்று நாம் அதை மறுக்க முடிகிறது. மூலத்தின் பெயரைச் சொல்லாமல் எழுதிய வேறு பலருடைய நூல்களில் எங்கே சறுக்கினார்கள் என்று கண்டுபிடிக்கவே வழி இல்லை.

விதியைச் சொல்வது எளிது, கடைப்பிடித்தாரா என்பதுதான் கேள்வி. மூன்று இடங்களைக் காட்டுகிறேன்.

மல்லோய் மக்களின் நகரைத் தாக்கியபோது அலெக்சாண்டர் மதிலிலிருந்து உள்ளே குதித்து, மார்பில் அம்பு பாய்ந்து, சாவின் விளிம்புக்குப் போனான். அங்கே அவனைக் காத்தவர் தாலமி என்றும், அதனாலேயே அவருக்குக் 'காப்பவர்' என்ற பட்டம் வந்தது என்றும் பலர் எழுதியிருந்தார்கள். தாலமியோ அன்று தாம் அந்த இடத்திலேயே இல்லை, வேறொரு படைப்பிரிவோடு வேறிடத்தில் போரிட்டுக்கொண்டிருந்ததாகத் தம் நூலில் எழுதியிருக்கிறார் என அர்ரியன் காட்டுகிறார். புகழைப் பெற்றவரே மறுத்த புகழை மற்றவர்கள் எப்படிக் கட்டினார்கள் என்று அங்கே கேட்கிறார். அதே மூச்சில் இன்னொரு பிழையையும் திருத்துகிறார். பாரசீக மன்னன் தாரியஸோடு நடந்த கடைசிப் பெரும்போரை எல்லோரும் அர்பெலா போர் என்கிறார்கள். போர் நடந்ததோ காகமேலாவில். இரண்டுக்கும் இடையே குறைந்தது 500 ஸ்டேடியம் தூரம், ஏறத்தாழ 90 கிலோமீட்டர். காகமேலா சிற்றூர், அர்பெலா பெயர்பெற்ற நகரம், ஆகவே போரின் பெயர் நகரத்துக்குப் போய்விட்டது என்கிறார். பிழையைத் திருத்துவதோடு நிற்காமல், பிழை எப்படிப் பிறந்தது என்று விளக்கும் இடம் இது.

கலிஸ்தனிஸின் முடிவு இரண்டாவது. அலெக்சாண்டர் முன் தரையில் விழுந்து வணங்க மறுத்தவர், பின்பு சதியில் பங்கு கொண்டதாகச் சிறைப்பட்டார். விலங்கு பூட்டிப் படையோடு கூட்டிச் சென்றார்கள், நோயில் இறந்தார் என்கிறார் அரிஸ்டோபுலஸ். சித்திரவதை செய்து தூக்கிலிட்டார்கள் என்கிறார் தாலமி. இருவரும் உடனிருந்தவர்கள், எல்லோர் கண்முன்னும் நடந்த நிகழ்ச்சி. அர்ரியன் இரண்டையும் எழுதிவிட்டு, மிகவும் நம்பத்தக்கவர்களே இப்படி வேறுபடுகிறார்கள் என்று சொல்லிவிட்டு நகர்கிறார். ஒன்றைத் தேர்ந்து கதையை ஒழுங்காக்கியிருக்கலாம். செய்யவில்லை.

மூன்றாவது, அலெக்சாண்டரைக் காண ரோமிலிருந்து தூதர்கள் வந்தார்கள், ரோமின் எதிர்கால மேன்மையை அவன் கண்டுகொண்டான் என்ற கதை. ரோமப் பேரரசில் கான்சலாக இருந்தவருக்கு இதைவிட இனிப்பான செய்தி வேறு இல்லை. தாலமியும் அரிஸ்டோபுலஸும் இதைச் சொல்லவில்லை, எந்த ரோமரும் எழுதவில்லை, அக்காலத்து ரோமருக்கு அதற்கான தேவையும் இல்லை என்று காரணம் காட்டி, உண்மை என்றும் சொல்லாமல் பொய் என்றும் அடிக்காமல் ஐயத்தோடு விட்டுவிடுகிறார். அவருடைய நேர்மைக்கு இந்த இடமே போதிய சான்று.

அலெக்சாண்டரை அவர் மிக வியந்தார். அதை மறைக்கவும் இல்லை. ஆனால் பெர்சிபோலிஸ் அரண்மனையை எரித்தது அறிவுடைய செயல் என்று தமக்குப் படவில்லை என்கிறார். குடிவெறியில் நண்பன் கிளைட்டஸைக் குத்திக் கொன்றபோது, கோபம், குடி என்ற இரண்டுக்கும் அடிமையானான் என்று அலெக்சாண்டருக்காக வருந்துகிறார். இந்தியாவில் கண்ட துறவிகள் பற்றி அவர் எழுதும் இடத்தில் எபிக்டெட்டஸின் மாணவர் பேசுகிறார். படையைக் கண்டதும் துறவிகள் தரையைக் காலால் தட்டினார்கள். ஒரு மனிதனுக்குச் சொந்தம் அவன் நிற்கும் அளவு நிலம்தான், நீயும் இறந்தால் உன்னைப் புதைக்கும் அளவுதான் உனக்கு என்பது அதன் பொருள். அலெக்சாண்டர் அதைப் பாராட்டினான், ஆனால் பாராட்டியதற்கு நேர்மாறாகவே நடந்தான் என்று அர்ரியன் சேர்க்கிறார். கல்யாணர் என்று நாம் எண்ணக்கூடிய கலானஸ் என்ற இந்தியத் துறவி, பாரசீகத்தில் உடல் தளர்ந்தபோது படை முழுதும் பார்க்கத் தாமே சிதை ஏறியதையும் விரிவாக எழுதுகிறார். மன உறுதி எத்தனை வெல்ல முடியாதது என்பதை மனிதர் அறிய இது பயன்படும் என்பது அவர் சொல்லும் காரணம்.

ஓர் இடத்தில் எனக்கு அவரோடு தீராத பிணக்கு உண்டு. சுவாத் பகுதியின் மசாகா நகரில் சரணடைந்த இந்தியக் கூலிப்படையினரை அலெக்சாண்டர் இரவில் சுற்றிவளைத்து வெட்டிக் கொன்றான். ஏறத்தாழ 7,000 பேர். அவர்கள் தப்பியோடத் திட்டமிட்டார்கள் என்ற விளக்கத்தை மட்டும் தந்துவிட்டு அர்ரியன் போய்விடுகிறார். அவர் இளமைக் காலத்தில் வாழ்ந்த புளூட்டார்க் இதே நிகழ்ச்சியை அலெக்சாண்டரின் போர்ப்புகழில் படிந்த கறை என்று எழுதினார். தாலமியையும் அரிஸ்டோபுலஸையும் நம்பியவர், வெட்டப்பட்டவர்கள் தரப்பில் சாட்சி சொல்ல எவரும் இல்லை என்பதை எண்ணிப் பார்க்கவில்லை. வென்ற படையின் முகாமில் எழுதப்பட்ட மூலங்களை எத்தனை நேர்மையாகப் பயன்படுத்தினாலும் ஓர் எல்லைக்கு மேல் அவை நம்மைக் கொண்டுசெல்லா.

இனி இந்திகா. அனபாசிஸை முடித்தபின் இந்தியாவைப் பற்றித் தனியாக ஒரு சிறுநூல் எழுதினார், 43 இயல்கள். ஹெரோடோட்டஸ் எழுதிய பழைய அயோனியக் கிரேக்க வழக்கில் இதை எழுதினார். முதல் பகுதி நாட்டையும் மக்களையும் சொல்கிறது, அதற்கு முதன்மை மூலம் மெகஸ்தனிஸ். இரண்டாம் பகுதி, சிந்து ஆற்றின் முகத்திலிருந்து பாரசீக வளைகுடா வரை நியார்க்கஸ் கப்பற்படையோடு போன கதை. கடலில் நீரூற்றுகள் எழுவதைக் கண்டு மாலுமிகள் துடுப்புகளை நழுவவிட்டார்களாம். அவை திமிங்கிலங்கள் என்று வழிகாட்டிகள் சொல்ல, நியார்க்கஸ் கப்பல்களைப் போருக்குப் போல வரிசையில் நிறுத்தி, முழக்கமும் எக்காளமும் எழுப்பி நேரே செலுத்தினார், திமிங்கிலங்கள் மூழ்கி ஒதுங்கின. அந்த நூல் இன்றும் ஒரே மூச்சில் படிக்கக்கூடியது.

மெகஸ்தனிஸ் கி.மு. 300ஐ ஒட்டிச் சந்திரகுப்த மௌரியரின் அவைக்கு வந்த கிரேக்கத் தூதர். அவர் நூல் தொலைந்துவிட்டது. டயோடோரஸ், ஸ்டிராபோ, அர்ரியன் ஆகியோர் எடுத்தாண்டவையே எஞ்சியவற்றில் பெரும்பகுதி. பாடலிபுத்திரம் 80 ஸ்டேடியம் நீளம், 15 ஸ்டேடியம் அகலம், 570 காவல் கோபுரம், 64 வாயில் என்று நம் பாடநூல்களில் வரும் கணக்கு அர்ரியன் காத்துத் தந்தது. இந்தியாவில் 118 இனக்குழுக்கள் இருப்பதாக மெகஸ்தனிஸ் சொல்கிறார். நாட்டின் பெரும்பகுதியைப் பார்க்காத ஒருவர் இதை எப்படி எண்ணினார் என்று அர்ரியன் அங்கேயே கேட்டுவிடுகிறார். பொன் தோண்டும் எறும்புக் கதையையும் கேள்விச் செய்தி என்று ஒதுக்குகிறார். ஆனால் இந்தியர் எல்லோரும் சுதந்திரர், அடிமையே இல்லை என்ற கூற்றை மட்டும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டார். நம் நூல்களே அதை மறுக்கின்றன.

எட்டாம், ஒன்பதாம் இயல்களில் பாண்டியர் வருகிறார்கள். இந்தியாவுக்கு வந்ததாகச் சொல்லப்படும் கிரேக்கப் புராண வீரன் ஹெராக்ளிசுக்கு ஆண்பிள்ளைகள் பலர், பெண் ஒருத்தி. பெயர் பாண்டையா. அவள் பிறந்து ஆண்ட நாட்டுக்கு அவள் பெயரே வந்தது. 500 யானை, 4,000 குதிரைப்படை, 1,30,000 காலாட்படை தந்தை அவளுக்குக் கொடுத்தவை. கடலில் ஒரு புதிய அணியை ஹெராக்ளிஸ் கண்டெடுத்து மகளுக்குப் பூட்டினான், அதுதான் முத்து. இந்தியாவில் முத்து தன் எடையைப் போல மும்மடங்கு பொன்னுக்கு அன்று விலைபோனதாம். யானைப் படையும் முத்தும் பெண்ணரசியும் சேர்ந்த இந்தக் குறிப்பைப் பாண்டிய நாட்டோடு அறிஞர்கள் பொருத்துகிறார்கள். பாண்டியரைப் பெயர் சொல்லிக் குறிக்கும் அசோகர் கல்வெட்டுகளுக்கும் சில பத்தாண்டுகள் முந்திய செய்தி இது. சென்னைப் பல்கலைக்கழகம் 1939இல் வெளியிட்ட, தென்னிந்தியா பற்றிய அயல்நாட்டார் குறிப்புகளின் தொகுப்பை நீலகண்ட சாஸ்திரி மெகஸ்தனிஸிலிருந்துதான் தொடங்கினார்.

இந்த இடத்தை நம்மவர் பலமுறை எடுத்தாண்டிருக்கிறார்கள், ஆனால் பெரும்பாலும் பாதியாக. அர்ரியன் இதை மெகஸ்தனிஸின் கூற்றாகத் தருகிறார், தம் கூற்றாகத் தரவில்லை. மகளுக்காக ஹெராக்ளிஸ் ஓர் அற்புதம் நிகழ்த்தியதாக வரும் பகுதிக்கு, அத்தனை ஆற்றல் இருந்தவன் தன் ஆயுளையே நீட்டிக்கொண்டிருக்கலாமே என்று எதிர்வாதம் வைக்கிறார். அதே இயல்களில் ஹெராக்ளிஸைப் போற்றுபவர்களாகச் சூரசேனரையும் அவர்களது மெத்தோரா நகரையும் யமுனையையும் சொல்கிறார். அந்த மெத்தோரா வடமதுரை. பெயர் ஒலிக்கிறதே என்று அதை வைகைக்கரை மதுரையாக ஆக்கி எழுதிய கட்டுரைகளை நான் படித்திருக்கிறேன். ஓர் ஆற்றின் பெயரைக் கவனித்திருந்தால் அந்தப் பிழை நேர்ந்திருக்காது. அணியாகக் கடல்முத்தைச் சொல்லும் வரியே நமக்குப் போதிய பெருமை தரும். அதற்கு மேல் இழுத்தால் அது நமக்குச் சான்றாகாது.

பதவி முடிந்தபின் அர்ரியன் ஏதென்சில் குடியேறினார், 145-146இல் அந்நகரின் ஆர்கான் என்ற தலைமைப் பதவியை வகித்தார். வேட்டையைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் ஹோர்மே என்ற தம் வேட்டைநாயைப் பற்றி ஒரு பத்தி வருகிறது. சாம்பல்நிறக் கண், வீட்டில் இருந்தால் பக்கத்தை விட்டு அகலாது, உடற்பயிற்சிக்குப் போனால் கூடவே வரும், திரும்பும்போது முன்னே ஓடித் திரும்பித் திரும்பிப் பார்க்கும். அதன் பெயர் பிற்காலத்துக்கும் இருக்கட்டும் என்று எழுதுகிறேன் என்கிறார். தில்லிபோரஸ் என்ற கொள்ளைக்காரனின் வாழ்க்கையையும் அவர் எழுதியதாக லூசியன் சொல்கிறார், அது கிடைக்கவில்லை. டிராஜனின் பார்த்தியப் போர் பற்றி 17 தொகுதி, பிறந்த மண்ணாகிய பித்தினியா பற்றி 8 தொகுதி, அலெக்சாண்டருக்குப் பின் நடந்தவை பற்றி 10 தொகுதி. எல்லாம் போயின. ஒன்பதாம் நூற்றாண்டில் கான்ஸ்டாண்டினோபிளின் மறைமுதல்வர் ஃபோட்டியஸ் தாம் படித்த நூல்களுக்கு எழுதி வைத்த குறிப்புகளும் சிதறிய சில பகுதிகளுமே அவற்றைப் பற்றி நமக்குச் சொல்கின்றன.

அனபாசிஸும் இந்திகாவும் தப்பியது ஒரே ஒரு கைப்பிரதியால். 1200ஐ ஒட்டி எழுதப்பட்டு இன்று வியன்னாவில் உள்ள கைப்பிரதியிலிருந்தே மற்றப் பிரதிகள் எல்லாம் வந்தன. அதில் ஏழாம் தொகுதியின் நடுவே ஓர் ஏடு விழுந்துவிட்டது. அதனால் உலகில் உள்ள எல்லாப் பிரதிகளிலும் அதே இடத்தில் இடைவெளி இருக்கிறது. அந்த ஒரு பிரதி எரிந்திருந்தால், முத்தணிந்த பாண்டையாவைப் பற்றி நாம் அறிந்ததில் பெரும்பகுதி போயிருக்கும். ஏடுகளைத் தேடி அலைந்த உ.வே.சா. வாழ்ந்த மண்ணில் இதை விளக்க வேண்டியதில்லை.

அனபாசிஸின் முதல் தொகுதியில் ஓரிடத்தில் அர்ரியன் தம்மைப் பற்றிப் பேசுகிறார். என் பெயரை எழுத வேண்டியதில்லை, என் நாட்டையும் குடும்பத்தையும் வகித்த பதவிகளையும் சொல்ல வேண்டியதில்லை, இளமையிலிருந்தே இந்த எழுத்துதான் எனக்கு நாடும் குடும்பமும் பதவியும் என்கிறார். கான்சலாகவும் ஆளுநராகவும் இருந்தவர் சொன்னது இது.

ஆய்வு மாணவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பாண்டிய நாட்டைப் பற்றி எழுதும்போது, மெகஸ்தனிஸ் கூறுகிறார் என்று எழுதி நிறுத்திவிடாதீர்கள். மெகஸ்தனிஸ் கூறியதாக அர்ரியன் எழுதுகிறார் என்று எழுதுங்கள், இயல் எண்ணையும் குறியுங்கள். அவர் எங்கே நம்பினார், எங்கே ஐயப்பட்டார் என்பதையும் விட்டுவிடாமல் சேருங்கள். உங்களில் ஓரிருவராவது கிரேக்கம் கற்று, அந்த இரண்டு இயல்களையும் மூலத்திலிருந்தே படியுங்கள்.